ஒற்றைக்கண் கிளி

ஒச்சப்பன் தராசை நம்பமாட்டார், தராசைப் பிடிக்கிற கையையும் நம்பமாட்டார். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இன்னும் மோசம். முள் இருந்த காலத்தில் ஏமாற்றுவது கண்ணுக்காவது தெரிந்தது, இப்போது நம்பர்தானே ஓடுகிறது என்பார். ஜீப்புக்காரன் "இப்ப கிளம்பிருவோம்" என்றால் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். மழை வரும் என்று செல்போன் சொன்னால் நெல்லைக் காயப்போடுவார். அதில் பாதி நாள் நெல் நனைந்ததும் உண்டு. அதற்காக அவர் மாறிவிடவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் நம்பிய சாமான் ஒன்றே ஒன்று. ராசிங்காபுரத்து வீட்டில், கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த வளரி.

வளரி என்பது பிறைநிலா மாதிரி வளைந்த எறிகட்டை. ஒரு முனை கனமாக இருக்கும், மறுமுனை கைப்பிடி. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சுழற்றி விட்டால் விர்ரென்று போய் எதிரே இருப்பதைச் சாய்க்கும். அந்தக் காலத்தில் சண்டைக்குப் போனது, முயலுக்குப் போனது. ஒச்சப்பன் வீட்டு வளரி வைரம் பாய்ந்த மரம். உள்வளைவில் இரும்புத் தகடு, கைப்பிடியில் மூன்று வெள்ளிப் பூண், கனமான முனையில் பித்தளையில் வார்த்த கிளித்தலை. கிளிக்குச் சிவப்புக் கல்லில் இரண்டு கண் இருந்தது. ஒரு புளி உலுக்குகிற பருவத்தில் ஒரு கண் எங்கேயோ தெறித்துப் போனது. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அது ஒற்றைக்கண் கிளி.

பரம்பரைச் சொத்துதான். ஆனால் சும்மா இருக்கிற சொத்து இல்லை. புளி உலுக்க அதுதான். குரங்கணிக்கு மேலே இருக்கிற துண்டு ஏலத்தோட்டத்தில் குரங்கு இறங்கினால், அது உட்கார்ந்திருக்கும் மரத்தின் அடியைப் பார்த்து அதைத்தான் வீசுவார். குரங்குக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு வாரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கவும் அதுவே. உலக்கை கைக்கு எட்டாத நேரத்தில் அவர் மனைவி இருளம்மாள் கிளியின் தலையால் சுக்கு நசுக்குவாள். மாசி வந்தால் மட்டும் அதைக் கழுவி, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து மலையடிவாரத்துக் கருப்பசாமி முன்னால் கொண்டுபோய்ப் படைப்பார்கள். மறுநாள் மறுபடி புளிய மரம்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிளி வளரி ஒச்சப்பனின் அப்பன் பாட்டன் வைத்திருந்தது இல்லை. இருளம்மாளோடு வந்தது.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் பரிசம் போடுகிற அன்றைக்கு வளரியை மாற்றிக்கொள்ளும். உன் ஆயுதம் என் வீட்டில், என் ஆயுதம் உன் வீட்டில். இனி உனக்கும் எனக்கும் சண்டை வந்தால் அவரவர் ஆயுதமே அவரவரைக் கேட்கும் என்று அர்த்தம். ஒச்சப்பன் கல்யாணத்தில் அவருடைய அப்பா வைத்திருந்த மயில் வளரி குரங்கணிக்குப் போனது. குரங்கணியில் இருந்து கிளி இங்கே வந்தது. மயில் போன அன்றைக்கு ஒச்சப்பன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்துகொண்டே மூக்கை உறிஞ்சினார் என்று இருளம்மாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது அவர்களுடைய கடைக்குட்டி சுசித்ராவை, இருளம்மாளின் தம்பி அருள்பாண்டியின் மகன் பிரபாகரனுக்குப் பேசி முடித்தாயிற்று. சுசித்ரா போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தில் காய் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தாள். பிரபாகரன் குரங்கணியில் இருந்து ஜீப்பு ஓட்டினான். காய் மூட்டை லோடு கொண்டுவந்து இறக்குகிற சாக்கில் இவர்களாகவே முக்கால்வாசி பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்களுக்கு மிச்சம் இருந்தது கால்வாசிதான். அப்படியானால் கிளி பிறந்த வீட்டுக்குப் போகும், மயில் இங்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் ஒச்சப்பன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

அவர் குதிக்கவில்லை. காரணம் அருள்பாண்டி.

அருள்பாண்டி குரங்கணியில் தோட்டத்து வீட்டை ஒட்டி நாலு அறை கட்டி, மலையேற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட்டுத் துணி, அதன்மேல் மயில் வளரி, பக்கத்தில் சின்ன பல்பு. பூணெல்லாம் பாலிஷ் போட்டுக் கண்ணைப் பறிக்கும். பெங்களூரில் இருந்து வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எறிந்தால் ஆளை அடித்துவிட்டுக் கைக்கே திரும்பி வந்துவிடும் என்று அருள்பாண்டி அவர்களிடம் கூசாமல் சொல்வார். போனது திரும்பி வர அது என்ன டவுன் பஸ்ஸா என்று ஒச்சப்பன் ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டார். அன்றைக்கு அந்த மயிலைப் பார்த்தது, ஆஸ்பத்திரியில் ஐசியூவில் கிடக்கிற சொந்தக்காரனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

நம் கிளிக்கும் அந்தக் கதிதான் என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்க வீட்டுப் பொருளு எங்க வீட்டுக்குப் போகுது, ஒங்களுக்கு என்ன வலிக்குது?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"ஒந் தம்பி அதைப் பொட்டிக்குள்ள போட்டு லைட்டுப் போடுவான். கிளி பொழைக்குமா?"

"பித்தளைக் கிளி பொழைக்கிறதென்ன, சாகுறதென்ன. பரிசத்துக்குத் தேங்காய் சொல்லியாச்சா, அதைப் பாருங்க."

தேங்காய்க்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போய், டிராக்டர் வந்ததில் இருந்து மூலையில் சாய்ந்திருந்த பழைய வேலமரக் கலப்பையை எடுத்து லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போடிக்குப் போனார்.

போடி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் மனோஜ் மரப்பட்டறை வைத்திருந்தான். கல்யாண மேடைக்கு யானைத்தலை, வீட்டுக்குப் பெயர்ப்பலகை, மரத்தில் பித்தளை பதிக்கிற வேலை எல்லாம் செய்வான். கிளி வளரியை அவன் மேஜைமேல் வைத்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும், மரம் நான் கொண்டுவந்திருக்கிறேன் என்றார் ஒச்சப்பன். கலப்பையின் வளைவு வளரிக்குத் தோதாக இருந்தது.

"நாடகத்துக்கா அப்பு?" என்று கேட்டான் மனோஜ்.

"நாடகந்தான்" என்றார் அவர். "யார்ட்டயும் மூச்சு விடாத."

வேலை முடிகிற வரைக்கும் தினமும் காலை பஸ்ஸில் போய்ப் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பித்தளையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். வெள்ளிப் பூணைக் கடித்துப் பார்த்தார். கலப்பையில் கொழு என்கிற உழுமுனை இரும்பைப் பிடித்திருந்த ஆணித்துளை ஒன்று, துருவேறிக் கறுத்துப்போய், கிளித்தலைக்குக் கீழே வந்து விழுந்தது. அது தெரியாமல் இருக்க மனோஜ் அதன்மேல் ஐந்து இதழ் பித்தளைப் பூ ஒன்றைப் பதித்தான். நன்றாகத்தான் இருந்தது. அசல் கிளியில் பூ கிடையாது. ஆனால் அருள்பாண்டி கிளியைக் கையில் எடுத்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று, பூவை யார் கண்டது. புது மரத்தைப் புகையில் காட்டி, எண்ணெய் ஏற்றிப் பழசாக்கினான். கடைசியில் ஒச்சப்பன் ஊக்கை வாங்கி, புதுக் கிளியின் ஒரு கண்ணைத் தன் கையாலேயே நோண்டி எடுத்தார்.

எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவர், ஒன்றை விட்டுவிட்டார். கலப்பை வளைவை நெடுக அறுத்தபோது பலகை இரண்டாக வந்தது. ஒன்றுதான் வளரியானது. இன்னொன்றை என்ன செய்ய என்று மனோஜ் கேட்டபோது, அடுப்பெரிக்க வைத்துக்கொள் என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அசல் கிளி தவிட்டு மூட்டைக்குள் போனது.

பரிசத்தன்று குரங்கணியில் இருந்து ஜீப்புகள் வந்தன. அருள்பாண்டி வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கி, பட்டுத்துணி சுற்றிய வளரியைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். ஆயுதத்தைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பகை. ஒருவர் தரையில் வைக்க வேண்டும், மற்றவர் குனிந்து எடுக்க வேண்டும். விரித்த பாயில் வெற்றிலை, மஞ்சள், பழத்துக்கு நடுவே மயிலை வைத்தார் அருள்பாண்டி. கிளியை வைத்தார் ஒச்சப்பன்.

"மச்சான், என் உசுரைக் குடுக்குறேன்" என்றார் அருள்பாண்டி.

"நானும் உசுரத்தான் குடுக்குறேன் மாப்ளே" என்றார் ஒச்சப்பன்.

இருவரும் குனிந்தார்கள், எடுத்தார்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நிமிர்ந்தார்கள். இரண்டு பேரும் இவ்வளவு பாசமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊரையே சந்தேகப்படுகிற மனிதர் அன்றைக்கு மட்டும் சந்தேகப்படவில்லை. தன் திருட்டைக் காப்பாற்றுகிற சோலியே அவருக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மயிலை எடுத்துக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போனார். என்ன இருந்தாலும் அப்பா கை பட்ட மயில். சின்ன வயசில் முதன்முதலாக எறிந்து பழகியதே அதில்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, தோளுக்கு மேலே சுழற்றி விட்டார்.

அறுந்த செருப்பை எறிந்த மாதிரி அது தடுமாறிப் போய் எருக்குழியில் விழுந்தது.

கை மறந்துவிட்டது என்று நினைத்தார். எடுத்துத் துடைத்து மறுபடி எறிந்தார். மறுபடியும் எருக்குழி. மூன்றாவது முறை துடைக்கும்போதுதான் மயில் தலைக்குக் கீழே ஐந்து இதழ் பித்தளைப் பூ ஒன்று கண்ணில் பட்டது. நகத்தால் அதை நெம்பினார். அடியில் துருவேறிய கறுத்த துளை.

தொழுவத்துக்குப் போகிற வழியில் இருளம்மாள் வந்து நின்றாள். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த வருஷத்தில் இருந்து அவள் கஞ்சிக் கலயம் தூக்கிக்கொண்டு அந்தக் கலப்பைக்குப் பின்னால் நடந்தவள்.

"இது நம்ம கலப்பைல்ல?"

ஒச்சப்பன் கையில் ஒட்டியிருந்த எருவை வேட்டியில் துடைத்தார்.

"கலப்பை எங்கன்னு அன்னைக்குக் கேட்டேன். வெறகுக்குப் போட்டாச்சுன்னீக. வெறகு எப்படி எந் தம்பி வீட்டு மயிலாச்சு?" கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. "அப்ப நீங்க குடுத்த கிளி?"

அவர் கண் தன்னையறியாமல் தவிட்டு மூட்டை இருந்த பக்கம் போனது. அவ்வளவுதான். இருளம்மாள் சாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை. மாடு கத்தியது, அதையும் கவனிக்கவில்லை.

"ஒங்களையும் எந் தம்பியையும் ஒரே கலப்பையில அறுத்திருக்காக" என்றாள்.

தேள் கொட்டிய திருடன் கதை அவர் கதை. அருள்பாண்டி ஏமாற்றிவிட்டான் என்று கத்த வேண்டும் போல் இருக்கிறது, கத்தினால் உன் கிளி எங்கே என்று கேட்பான். கத்தவும் முடியாது, விழுங்கவும் முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று மாசியில் காத்திருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் காலை, புதுச் சம்பந்திகள் இரண்டு பேரும் வாங்கிய வளரியைக் கருப்பசாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நட்டு வைத்த வாழைமரத்தை அதனால் எறிந்து சாய்க்க வேண்டும். இரண்டு வாழையும் சாய்ந்தால்தான் முகூர்த்த நாள் குறிப்பார்கள். சாயாவிட்டால் சாமிக்குச் சம்மதமில்லை, அடுத்த மாசிதான். கலப்பைப் பலகையால் வாழைமரத்தைச் சாய்க்க முடியுமா? புளியம்பிஞ்சே விழவில்லை.

அவர் பிடிவாதம் மகளின் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவிடப் போகிறது. அது ஒச்சப்பனுக்குப் புரிந்தது.

இருளம்மாள் சுசித்ராவிடம் சொன்னாள். சுசித்ரா பிரபாகரனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் இருந்து வந்த சேதி என்னவென்றால், பரிசம் முடிந்த நாளில் இருந்து அவன் அப்பா ஒரு கிளி வளரியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாழைத்தோப்பில் எறிந்துகொண்டே இருக்கிறார், ஒரு மரமும் சாயவில்லை, ரூமெடுத்துத் தங்கியவர்கள்தான் கைதட்டுகிறார்கள் என்பது. இரண்டு பேரும் போனிலேயே சிரித்துவிட்டு, பெரியவர்களாக வழிக்கு வரட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்துகொண்டார்கள். ஆனால் போனை வைத்த பிறகு சுசித்ரா அப்பாவிடம் வந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "அடுத்த மாசி வரைக்கும்லாம் நான் இருக்க மாட்டேன்ப்பா. சாமி சம்மதிக்கலைன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ் சம்மதிக்கும்." சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

மாசி வந்தது. குரங்கணிக்குக் கீழே ஆற்றோரத்தில் கருப்பசாமி கோயில். கூரை கிடையாது, சுற்றிலும் மரம். ஓங்கிய அரிவாளோடு, உருட்டி விழிக்கிற கண்ணோடு சாமி நின்றார். எதிரே இரண்டு வாழைமரத்தை நட்டு வைத்திருந்தார்கள். சிவராத்திரி முழிப்பில் எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. அடுப்பில் பொங்கல் கொதித்தது.

ஒச்சப்பன் மஞ்சள் பையில் கலப்பை மயிலைக் கொண்டுவந்திருந்தார். கையில் இன்னொரு கட்டு இருந்தது. வாழை இலைக்கட்டு. சாப்பாட்டுக்கு இலை இங்கேயே கிடைக்குமே, நீங்கள் எதற்கு ராசிங்காபுரத்தில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, இங்கே இலை கிழிசலாக இருக்கும் என்றார். கட்டை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை.

பூசாரி வளரியை வையுங்கள் என்றார். அருள்பாண்டி முன்னால் வந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அவரும் ஒச்சப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு வளரியைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியைப் பார்த்தார்கள்.

ஒச்சப்பன் சாமியையும் அவ்வளவாக நம்பியவர் இல்லை. ஆனால் சாமி தன்னை நம்பவில்லை என்பது அந்தக் கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோனது. திரும்பிப் பார்த்தால் சுசித்ரா பொங்கல் பானைப் பக்கத்தில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே" என்றார். "கொஞ்சம் ஜீப்புக்குப் பின்னாடி வா. ஒரு சோலி இருக்கு."

பூசாரி முறைத்தார். இரண்டு பேரும் ஜீப்புக்குப் பின்னால் போனார்கள். ஒச்சப்பன் இலைக்கட்டை அவிழ்த்தார். உள்ளே ஒற்றைக்கண் கிளி. தரையில் வைத்தார்.

அருள்பாண்டி தன் கையில் இருந்த கிளியைப் பார்த்தார். தரையில் கிடந்த கிளியைப் பார்த்தார்.

"அப்ப என் கையில இருக்குறது?"

"என் கலப்பை."

"என் வீட்டுக் கிளியக் குடுக்காம கலப்பையக் குடுத்து ஏமாத்துனீகளா மச்சான்?"

"நீ எனக்குக் குடுத்த மயிலு இருக்கே" என்று ஒச்சப்பன் கையில் இருந்த மயிலைத் தூக்கிக் காட்டினார், "அதுவும் என் கலப்பைதான்."

அருள்பாண்டிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பின் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் கோணிச்சாக்கு, சாக்குக்குள் வெல்வெட்டு, வெல்வெட்டுக்குள் அசல் மயில். எடுத்துத் தரையில் வைத்தார்.

"நீங்க இதை வச்சு புளி உலுக்குவீக. எங்க அக்கா சுக்கு நசுக்கும். பார்த்துப் பார்த்து வச்ச பொருளு மச்சான். மனசு கேக்கல."

"நீ கிளியப் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டுவ. அதுக்கு மூச்சு வேணாமா?"

"பூட்ட மாட்டேன்னு சத்தியம் பண்றேன், போதுமா? நீங்க நசுக்க மாட்டேன்னு பண்ணுங்க."

"ஒன் சத்தியத்தை எவன் நம்புறது?"

"ஒங்க சத்தியத்தை மட்டும்?"

இப்படியே போயிருந்தால் பொங்கல் அடிப்பிடித்திருக்கும். பூசாரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அப்போது ஜீப்பைச் சுற்றிக்கொண்டு இருளம்மாள் வந்தாள். குனிந்து கிளியை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"இதை இவுக வீட்டுக்குக் கொண்டாந்தவ நானு. எந் தலைச்சுமையா வந்தது. திருப்பிக் குடுக்கிறதும் நாந்தான்." தம்பியின் காலடியில் வைத்தாள். "எடு. வாழை வாடுது."

அருள்பாண்டி எடுத்தார். ஒச்சப்பன் கண்ணில் தூசி விழுந்த மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய இடத்தில் மயில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

கலப்பைகள் இரண்டும் ஜீப்பு சீட்டுக்கு அடியில் போயின.

முதலில் ஒச்சப்பன். பாலிஷ் போட்ட மயில் கையில் வழுக்கியது. கொஞ்சம் மண்ணை அள்ளிக் கைப்பிடியில் தேய்த்தார்; அருள்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சுழற்றி விட்டார். அது போன சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். அப்பா வீசும்போது வருகிற அதே கீச்சு. வாழைமரம் நடுவில் முறிந்து சாய்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்து அருள்பாண்டி. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு எறிந்தார். கிளி வாழைக்கு இடப்பக்கமாகப் போய் அவருடைய ஜீப்பின் கண்ணாடியை உடைத்தது. பிரபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டான். எத்தனை தடவை எறியலாம் என்று வழக்கத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை என்றார் பூசாரி, அவருக்கும் பசி. மறுபடி எறிந்தார். மறுபடி இடப்பக்கம். தேங்காய்ச் சாக்கின்மேல் விழுந்தது. கூட்டத்தில் சிரிப்பு வந்தது. சுசித்ரா சிரிக்கவில்லை.

ஒச்சப்பனுக்குக் கை பரபரத்தது. கிளியை எப்படி எறிய வேண்டும் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அதை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தால் கிளி யார் கையில் இருந்தாலும் அவருடையதுதான். சொல்லிவிட்டால் போயிற்று.

நேரே போய் அருள்பாண்டியின் காதருகே நின்றார்.

"ஒத்தைக்கண்ணு மாப்ளே. கல்லு இல்லாத பக்கம் கனம் கொறைச்சல். இடப்பக்கம் இழுக்கும். வாழையப் பாக்காத. வலப்பக்கம் அந்தக் கல்லைப் பாத்து விடு. கைய முறுக்காத, தளத்தி விடு."

அருள்பாண்டி சந்தேகமாகப் பார்த்தார். ஏமாற்றுகிறாரோ என்று அவருக்குப் பட்டது முகத்தில் தெரிந்தது.

"நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ" என்று ஒச்சப்பன் தள்ளி நின்றார்.

அருள்பாண்டி கல்லைப் பார்த்து விட்டார். கிளி வளைந்து போய் வாழையின் இடுப்பில் அடித்தது. மரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகச் சாய்ந்தது. குலவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். பங்குனியில் முகூர்த்தம் கிடையாது, சித்திரையில் நாள் பார்க்கலாம் என்றார் பூசாரி. சுசித்ரா பொங்கலை இறக்கி வைத்தாள்.

கல்யாணத்துக்கு மேடை போட வந்த மனோஜை இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து பிடித்து, ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டார்கள். "யார்ட்டயும் மூச்சு விடாதன்னு ரெண்டு பேரும் சொன்னீக. விடல" என்று சொல்லிவிட்டு அவன் யானைத்தலைக்கு ஆணி அடிக்கப் போய்விட்டான்.

ஆடியில் மகளைப் பார்க்க ஒச்சப்பன் குரங்கணிக்குப் போனார். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி அப்படியே இருந்தது. வெல்வெட்டு இருந்தது, பல்பு எரிந்தது. உள்ளே கிளியும் மயிலும் ஜோடியாகக் கிடந்தன, இரண்டும் ஐந்து இதழ்ப் பூவோடு. முதுகில் மூட்டை மாட்டிய ஒரு பையன் போட்டோ எடுத்துவிட்டு, ரொம்பப் பழசா தாத்தா, எத்தனை தலைமுறை என்று அவரிடம் கேட்டான். எங்கள் தாத்தா காலத்தில் இருந்து நெல்லுக்கும் சோளத்துக்கும் உழைத்தது என்றார் ஒச்சப்பன். பொய் சொல்லவில்லை. பையன் அதைப் போனில் பதிந்துகொண்டான்.

பின்கட்டில் குரங்குச் சத்தம் கேட்டது. அருள்பாண்டி லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றார். கிளிக்கு அவர் போட்ட பாலிஷ், விரல் பட்டுப் பட்டுப் பூணில் போயிருந்தது. கிளியை ஓங்கி மரத்தடியைப் பார்த்து எறிந்தார். இடப்பக்கமாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. குரங்கு பழத்தைத் தின்றுகொண்டே பார்த்தது.

"வலப்பக்கம் பாருன்னா கேக்குறியா" என்று ஒச்சப்பன் மேலேயிருந்து கத்தினார்.

பள்ளத்தில் இறங்கி அவரே தேடி எடுத்தார். துடைத்தார். அருள்பாண்டி கையை நீட்டினார். ஒச்சப்பன் கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, மிச்சம் இருக்கிற ஒரு கண் இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளிப் பூண் மூன்றும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தலைக்குக் கீழே பூ எதுவும் முளைத்திருக்கிறதா என்றும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு தரையில் வைத்தார்.